பின்னே வந்தவர் கள்ளரா?

பத்து பாகாட் என்னும் மலாய்ப் பெயருக்கு உளியால் செதுக்கப்பட்ட கல் என்பது பொருள். மலாக்காவின்மேல் படையெடுத்துத் திரும்பிய சயாமியப் படைவீரர்கள், குடிநீர் வேண்டி மின்யாக் பெக்கு கடலோரப் பாறையைக் குடைந்து கிணறு கண்டனர் என்றும், அதனாலேயே ஊருக்கு இப்பெயர் வந்தது என்றும் செவிவழிச் செய்தி கூறுகிறது. செய்தி வரலாறோ புனைவோ, ஊரார் அதனைப் பெருமையோடு சொல்லி வருகின்றனர். தங்கள் ஊருக்குப் பெயர் தந்த உளி அயலார் கையில் இருந்தது என்பதில் அவர்கள் இழிவு எதுவும் காணவில்லை.

ஊரின் பிற்கால வரலாறும் அத்தகையதே. பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் யானி என அவ்வட்டாரத்து ஊர்ப் பெயர்களில் எல்லாம் வரும் 'பாரிட்' என்பது சதுப்பு நிலத்து நீரை வடிப்பதற்கு வெட்டிய கால்வாயைக் குறிக்கும். அக்கால்வாய்களை வெட்டியவருள் பெரும்பாலோர் சாவகத் தீவிலிருந்தும் பஞ்சாரிலிருந்தும் வந்தவர்கள். ஸ்ரீ மேடான் இரும்புச் சுரங்கத்தை 1920-களில் நடத்தியது ஜப்பானிய நிறுவனமாகிய இஷிஹாரா. யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் தமிழர்கள். கடைத்தெருவை எழுப்பியவர்கள் சீனர்கள். இன்று துணி ஆலைகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் உழைப்பவர்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளியர், மியன்மார் நாட்டார் பலர். கடலுக்கு அக்கரையில் இருப்பது சுமத்திராவின் பெங்காலிஸ். இரவில் ஒரு விசைப்படகு கடந்துவிடக்கூடிய தொலைவு அது.

இத்தகைய ஊரிலேதான், மொழியையும் சமயத்தையும் மரபையும் காக்க வேண்டும் என்று ஒரே குரலில் பேசிவரும் தமிழர்கள், கள்ளக் குடியேறிகள் என்னும் பேச்சு எழுந்தவுடன் இரு கூறாகப் பிரிந்து நிற்கின்றனர். பத்து பாகாட்டில் மட்டும் காணப்படும் பிளவு அன்று இது. ஜொகூர் முழுமையிலும், ஏன், தீபகற்பம் முழுமையிலும் கோயில் மண்டபங்களிலும் சங்கக் கூட்டங்களிலும் காணப்படுவதே. எனினும், மேற்குக் கரையோர ஊர் ஒன்றில் அது கூர்மை பெறுவது இயல்பு. படகு வந்து சேரும் கரையில் வாழ்வோர்க்கு இது ஏட்டுச் சிக்கல் அன்று.

ஒரு சாரார் கூறுவது இது: "சட்டம் சட்டமே. அனுமதியின்றி வந்தவனை அன்றே திருப்பி அனுப்ப வேண்டும். அவனால் தமிழ்த் தொழிலாளியின் கூலி தாழ்ந்தது. தோட்டத்து வீடு பறிபோனது. கோயிலும் பள்ளியும் ஆளின்றி வெறுமையாயின." மற்றொரு சாரார் கூறுவது இது: "வந்தாரை வாழவைப்பது தமிழர் பண்பு. ஊரிலிருந்து பிழைக்க வந்தவனைக் காட்டிக்கொடுப்பது பாவம். ஆள் இல்லாமல் உணவகம் நடத்துவது எப்படி? நகைப்பட்டறையும் முடிதிருத்தகமும் நிலைப்பது எப்படி?" முன்னவர் பின்னவரை இனத்துரோகிகள் என்கின்றனர். பின்னவர் முன்னவரை நன்றி மறந்தவர்கள் என்கின்றனர். இருவரும் மரபின் பெயராலேயே பேசுகின்றனர். இருவரும் உண்மையின் பாதியை மறைத்தே பேசுகின்றனர்.

முதல் சாராரின் குறையில் நியாயம் இல்லை என்று எவரும் கூற முடியாது. 1970-களிலும் 1980-களிலும் தோட்ட நிர்வாகங்கள் நேரடியாக ஆள் சேர்ப்பதைக் குறைத்துக் குத்தகையாளர் வழியாக ஆள் எடுக்கும் வழக்கத்தை வளர்த்தன. குத்தகையாளர் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர். அவர்களுள் பலரிடம் ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாதவன் சங்கத்தில் சேர மாட்டான். கூலி குறைந்தால் முறையிட மாட்டான். காயம் பட்டால் இழப்பீடு கேட்க மாட்டான். அவனை வைத்துக்கொண்டு, சங்கம் அமைத்து உரிமை கேட்ட தமிழ்த் தொழிலாளியின் பேரம் முறிக்கப்பட்டது. 1984-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் மேடானில் ஓர் உடன்பாடு செய்து, தொழிலாளரை முறைப்படி வரவழைக்க வழிகண்டன. ஆயினும் முறையான வழியின் செலவும் காலத்தாழ்வும் மிகுதியாக இருந்ததால், படகு வழியே தொடர்ந்தது. தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்டு நகரத்துப் புறம்போக்குக் குடிசைக்குச் சென்ற குடும்பத்தின் கண்ணீர் பொய்யன்று.

ஆனால், அக்கண்ணீருக்குக் காரணம் யார் என்னும் கேள்விக்கு இவர்கள் தரும் விடைதான் பொய். குத்தகை முறையைப் புகுத்தியவன் படகில் வந்தவன் அல்லன். கூலியைத் தாழ்த்தியவனும் அவன் அல்லன். தாழ்ந்த கூலியை வாங்கியவன் அவன். நிலத்தை வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்றவனும் அவன் அல்லன். கூலியைத் தாழ்த்திய கையை விட்டுவிட்டு, தாழ்ந்த கூலியை ஏந்திய கையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எவ்வகை நீதி?

சட்டத்தைப் பெரிதாகப் பேசுவோர் சட்டத்தை முழுமையாகப் படிக்கட்டும். 2002-இல் குடிநுழைவுச் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதியின்றி நுழைந்தவனுக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் ஆறு வரை பிரம்படியும் அச்சட்டத்தில் உள்ளன. இதனை எல்லோரும் அறிவர். அதே சட்டத்தின் 55ஆ பிரிவு, அத்தகையவனை வேலைக்கு வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது; ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டு வரை சிறையோடு, பிரம்படியும் உண்டு என்கிறது. இதனை அறிந்தவர் எத்தனை பேர்? "வெளியேற்று" என்று தீர்மானம் போடும் சங்கம், "முதலாளிமீது 55ஆ பிரிவைச் செலுத்து" என்று அதே தாளில் இரண்டாம் தீர்மானம் போடத் துணிவதுண்டா? துணியாததன் காரணம் வெளிப்படை. முதலாளி ஆண்டு விழாவுக்கு நன்கொடை தருபவர். படகில் வந்தவன் எதுவும் தர இயலாதவன்.

இரண்டாம் சாராரின் இரக்கத்தையும் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். அது உண்மையான இரக்கம் என்றால், சாவகத்தானுக்கும் வங்காளியானுக்கும் ஒரே அளவில் சுரக்க வேண்டும். அவ்வாறு சுரப்பதாகத் தெரியவில்லை. தஞ்சையிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ சுற்றுலா அனுமதியில் வந்து காலம் கடந்து தங்கியவன் "ஊர்க்காரப் பையன்". வங்காளதேசத்திலிருந்து வந்து அதே நிலையில் இருப்பவன் "பங்களா". இதுவும் போகட்டும். அந்த ஊர்க்காரப் பையனின் கடப்பிதழ் எங்கே இருக்கிறது? முதலாளியின் பெட்டிக்குள் பல இடங்களில் பூட்டிக் கிடக்கிறது. அவன் உறங்குவது எங்கே? கடையின் மேல்மாடியில், எட்டுப் பேருக்கு ஓர் அறையில். வந்தாரை வாழவைக்கும் பண்பு என்று மேடையில் பேசப்படுவதன் மறுபெயர் பல வேளைகளில் மலிந்த உழைப்பு என்பதே. 2023-இல் முடிதிருத்தகம், துணிக்கடை, நகைத்தொழில் ஆகிய மூன்று துறைகளுக்கு 7,500 அயல்நாட்டுத் தொழிலாளரை எடுக்க அரசு இசைந்தபோது, அத்துறையினர் மகிழ்ந்தனர். அது நியாயமான தேவையாகவே இருக்கலாம். ஆனால், வருபவனுக்கு என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை, வேலை மாறும் உரிமை உண்டா என்னும் கேள்விகள் அம்மகிழ்ச்சியில் காணாமற் போயின.

இவ்விடத்தில் ஓர் உண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். "கள்ளமாக" இருப்பவர் அனைவரும் கள்ளமாக வந்தவர் அல்லர். அயல்நாட்டுத் தொழிலாளிக்குத் தரப்படும் தற்காலிக வேலை அனுமதி ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்டது. ஊரில் நிலத்தை அடகு வைத்து முகவருக்குப் பணம் கட்டி முறைப்படி வந்தவன், கூலி தராத முதலாளியை விட்டு ஒருநாள் வெளியேறுவானாயின், அவன் அனுமதி அற்றவன் ஆகிவிடுகிறான். முதலாளி அனுமதியைப் புதுப்பிக்க மறந்தாலும் அவனே குற்றவாளி. முகவன் போலித் தாள் கொடுத்தாலும் அவனே குற்றவாளி. கங்காணியிடம் பட்ட கடனால் தோட்டத்தோடு கட்டுண்டு கிடந்த பாட்டன்மாரின் கதையை அறிந்த ஒரு சமூகத்துக்கு இந்த ஏற்பாடு புரியாமல் இருக்க முடியாது. புரிந்தும் புரியாததுபோல் இருப்பதே வியப்பு.

"எங்கள் முன்னோர் சட்டப்படி வந்தவர்கள், இவர்களோடு ஒப்பிடாதீர்" என்பது முதல் சாராரின் வலிமையான வாதம். வரலாறு இதற்கு என்ன விடை சொல்கிறது? 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிக்கப்பட்டு இங்கிலாந்தின் நேரடி ஆட்சிக்குச் சென்றன. அதன் பின், 1864-ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் அவை இடம்பெறாதவை ஆயின. ஆகவே நாகப்பட்டினத்தில் கூலிகளாகக் கப்பலேறிப் பினாங்கு சென்றோரின் பயணம் இந்தியச் சட்டத்துக்குப் புறம்பானதாயிற்று. ஆனாலும் கப்பல்கள் சென்றுகொண்டே இருந்தன. 1870-இல் தஞ்சை மாவட்டத்துத் துணை ஆட்சியர், ஆட்கடத்தல் நடப்பதைச் சுட்டிக்காட்டிய பிறகே அப்பயணம் தடுக்கப்பட்டது. உடனே கரும்புத் தோட்ட முதலாளிகள் கூக்குரல் எழுப்பினர். 1872-இல் சட்டம் திருத்தப்பட்டது. கப்பல்கள் மீண்டும் சென்றன.

இதிலிருந்து பெறப்படுவது யாது? அவ்வாண்டுகளில் கப்பலேறிய தமிழர்கள் கள்ளர்கள் அல்லர். பஞ்சமும் கடனும் துரத்த, ஆள்பிடிப்போன் சொல்லை நம்பி வந்தவர்கள். தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று முதலாளி உரத்துக் கேட்டபோது, 'சட்டவிரோதம்' ஒரே எழுத்தாணிக் கீறலில் 'சட்டபூர்வம்' ஆயிற்று. 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தபோதும், 1953 முதல் மலாயா தன் குடிநுழைவு வாயிலை இறுக்கியபோதும், அதே மக்களுக்கு வாயில் மூடப்பட்டது. மக்கள் மாறவில்லை, அவர்களின் வறுமையும் மாறவில்லை, மாறியது சட்டத்தின் தேவை. ஒப்பந்தக் கூலிமுறையை 1910-இல் ஒழித்ததும் சட்டமே. அதற்கு முன் அம்முறைக்குக் காவல் நின்றதும் சட்டமே. சட்டத்தை மதிக்க வேண்டும். ஆயின், ஒரு மனிதனின் மானத்தை அளக்கும் கோல் அதுவன்று.

சட்டத்தின் முனை இதே சமூகத்தின் பக்கம் திரும்பிய காலமும் உண்டு. 1968-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதி பெற வேண்டும் என்றது. 1969 கலவரத்துக்குப் பின் அது கடுமையாகச் செலுத்தப்பட்டது. பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஒரே காரணத்தால், பல்லாயிரம் தமிழர்கள் வேலை இழந்தனர். ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா சென்றனர் என்பது வரலாற்றாசிரியர் தரும் கணக்கு. குடியுரிமைத் தாளை எழுதி நிரப்பத் தெரியாமற் போனதும், விண்ணப்பிக்க வேண்டும் என்று எவரும் சொல்லாததும் அவர்கள் செய்த குற்றம்! அன்று அவர்களைப் பார்த்து, "சட்டம் சட்டமே" என்று கூறியவர்களைத் தமிழர்கள் இன்றும் மன்னிக்கவில்லை. இன்று அதே சொற்றொடரைத் தமிழர்களே கையில் எடுப்பது எங்ஙனம்?

அந்தப் புண் ஆறிவிட்டதா? பிறப்புப் பத்திரம் இல்லாமல், பள்ளி வாயிலில் நிறுத்தப்படும் தமிழ்ப் பிள்ளைகளின் சிக்கலைத் தீர்க்க 2011-இல் மைடஃப்தார் பதிவு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. ஆவணம் இல்லாதவனை ஆளே அல்லன் என்று கருதும் பழக்கம் ஒரு நாட்டில் வேரூன்றிவிட்டால், அது முதலில் வங்காளதேசத்தானைத் தீண்டும். பிறகு யாரைத் தீண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியேற்றும் கூட்டத்தில் கைதட்டுவோர் தங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியின் அட்டை என்ன நிறம் என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

இலங்கை இன்னும் தெளிவான பாடம் தருகிறது. 1948-இல் அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அரசில் சேர்ந்தார். அக்கட்சியினரான எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் அவரோடு நின்றோரும் பிரிந்து 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். இரு தரப்பாரும் மரபைப் போற்றியவர்களே. சைவமும் தமிழும் அறிந்த யாழ்ப்பாணத்தாரையே தம் வாக்காளராகக் கொண்டவர்களே. தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காக யாழ்ப்பாணத்தான் ஏன் வருந்த வேண்டும் என்று ஒரு தரப்பு எண்ணியது. இன்று அவர்களுக்கு நேர்வது நாளை மொழியின் பெயரால் அனைவர்க்கும் நேரும் என்று மறு தரப்பு எச்சரித்தது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. எச்சரிக்கை பலிப்பதற்கு எட்டாண்டுகளே தேவைப்பட்டன.

மலையகத் தமிழரைக் குறிக்க அந்நாட்டில் வழங்கிய இழிசொல் 'கள்ளத்தோணி' என்பது. அது தமிழ்ச் சொல். தமிழரைக் கொண்டே தமிழரை இழிவு செய்யச் சிங்களத்திலும் புகுந்த சொல். 1964-இல் இரு நாட்டு அரசுகள் ஒப்பந்தமிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டுக்கொண்டபோது, அம்மக்களை எவரும் கலந்து கேட்கவில்லை. தோணியில் வந்தவனுக்குக் கருத்து ஏது! 'கள்ள' என்னும் முன்னொட்டு ஒருவன்மேல் ஏறிவிட்டால், அவன் எண்ணப்படும் பொருளாகிவிடுகிறான். எண்ணும் மனிதனாக இருப்பதில்லை.

மலேசியாவிலும் சொற்கள் இதே வேலையைச் செய்துள்ளன. 1991-இலும் 1992-இலும் நடந்த வெளியேற்ற நடவடிக்கைகளுக்கு 'ஓப்ஸ் ஞா' என்று பெயர். 'ஞா' என்றால் 'ஒழிந்து போ' என்பது பொருள். பெயரே இப்படி என்றால் முகாம்கள் எப்படி இருந்திருக்கும்? 1995-இல் தெனாகானித்தா அமைப்பின் தலைவி ஐரின் ஃபெர்னாண்டஸ், தடுப்பு முகாம்களில் நிகழ்ந்த கொடுமைகளை அறிக்கையாக வெளியிட்டார். 1996-இல் பொய்ச்செய்தி பரப்பியதாக அவர்மீதே வழக்குத் தொடரப்பட்டது. 2003-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை. 2008-இல் மேல்முறையீட்டில் விடுதலை. பதின்மூன்று ஆண்டுகள் அவர் அலைக்கழிக்கப்பட்டார். கெடா மாநிலத் தோட்டப்புறத்தில் வளர்ந்த இந்திய வம்சாவளிப் பெண்மணி, வங்காளதேசத்தானுக்காகக் கூண்டில் நின்றார். 2014-இல் அவர் மறைந்தபோது எத்தனை தமிழ்ச் சங்கங்கள் இரங்கல் கூட்டம் நடத்தின என்று ஒவ்வொரு சங்கமும் தன் நடவடிக்கைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

2021 டிசம்பரில் ஜொகூரின் கிழக்குக் கரையில், தஞ்சோங் பாலாவ் அருகே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட இந்தோனேசியர் மாண்டனர். கரையொதுங்கிய பிணத்தில் அனுமதி முத்திரை இருந்ததா என்று அலை பார்க்கவில்லை. மனிதர் மட்டும் பார்த்தனர்.

எல்லை வேண்டாம் என்பதோ, வருவோரை எல்லாம் கணக்கின்றி ஏற்க வேண்டும் என்பதோ இங்கே வாதம் அன்று. ஒரு நாட்டுக்கு எல்லை உண்டு. எல்லைக்குக் காவல் உண்டு. அனுமதி கொடுக்கவும் மறுக்கவும் உரிமை உண்டு. மறுக்கப்பட்டவனைத் திருப்பி அனுப்பவும் உரிமை உண்டு. ஆனால், அவ்வுரிமை நேர்மையாகச் செலுத்தப்பட வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் தேவை. வேலைக்கு வைத்தவனும் கொண்டுவந்த முகவனும் முதலில் தண்டிக்கப்பட வேண்டும். வந்தவன் செய்த வேலைக்கு உரிய கூலி முழுவதும் அவன் கையில் கொடுத்த பிறகே அவனை அனுப்ப வேண்டும். இவ்விரண்டையும் கேளாமல் 'வெளியேற்று' என்று மட்டும் முழங்குவோர் சட்டத்தின் காவலர் அல்லர், குத்தகையாளனின் கணக்குப்பிள்ளைகள். கொடுக்க வேண்டிய கூலியைக் கொடாமல் ஏய்க்க, ரேலா வண்டி வருவதைக் காட்டிலும் அவனுக்கு வாய்ப்பான நாள் வேறேது?

இனி, இருசாராரும் வழக்காடும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருத்து மாறுபட்டவனை 'இனத்துரோகி' என்றவுடன் வழக்கு முடிந்தது என எண்ணுகின்றனர். தலைமை தாங்குபவர் தமக்கு வேண்டாதவர் எழுந்தால் நேரமில்லை என்கிறார். வேண்டியவர் எழுந்தால் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. மரபைக் காக்கிறோம் என்பவர்கள் மரபு வாதிட்ட முறையை அறிந்திருக்க வேண்டாமா? அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக வகுத்தார். பிறர் கொள்கையை முதலில் வரிசையாக எடுத்துரைத்து, அதன் பின்னரே தம் கொள்கையை நிறுவினார். மணிமேகலையும் வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவர் கூறுவதையும் செவிமடுத்த பின்னரே தன் வழியைத் தேர்ந்தாள். எதிரியின் வாதத்தை அவன் வாயால் சொல்வதைவிடச் செம்மையாகச் சொல்லத் தெரிந்தவனே மறுக்கத் தகுதி உடையவன் என்பதே அம்மரபின் அறம்.

தமிழாசிரியர்களின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் பாடலை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் போடுவது எளிது. பல மொழி பேசும் மக்கள் தம் நாடு விட்டு வந்து புகாரில் கலந்து வாழ்ந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது என்று தேர்வில் எழுதுவிப்பதும் எளிது. அதே மாணவன் பள்ளி விட்டு வீடு செல்லும் வழியில், சாக்கடை தோண்டும் தொழிலாளியைப் பார்த்துப் 'பங்களா' என்று கூவுவானாயின், அவன் கற்ற தமிழ் தேர்வுத்தாளோடு முடிந்துவிட்டது. 'கள்ளக் குடியேறி' என்னும் சொல்லை வகுப்பறையிலிருந்து நீக்கட்டும். 'ஆவணம் இல்லாத் தொழிலாளி' என்று சொல்லட்டும். சொல்லை மாற்றினால் மட்டும் சோறு கிடைத்துவிடுமா என்று கேட்பார்கள். கிடைக்காதுதான். ஆயின் திருடன் என்று பெயரிட்ட பின் ஒருவனுக்குச் சோறிட எவருக்கும் மனம் வராது.

மாணவர் மன்றத்தில் இப்பொருளை வைத்தே சொற்போர் நடத்தட்டும். வெளியேற்ற வேண்டும் என்போன் முதலில் வந்தவனின் வழக்கைச் சொல்லட்டும். இருக்கவிட வேண்டும் என்போன் முதலில் தோட்டம் இழந்த தொழிலாளியின் வழக்கைச் சொல்லட்டும். இருவர் வழக்கிலும் பெயர் சொல்லப்படாமல் தப்பிச் செல்லும் மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான். இருவரையும் மலிவாக வாங்கியவன் அவன். அவன் பெயரைக் கண்டுபிடித்துக் கரும்பலகையில் எழுதும் மாணவனுக்கே முதற்பரிசு தரப்பட வேண்டும்.